புன்னைமேட்டுப் பள்ளி: பெற்றோரின் கனிவான கவனத்திற்கு

பள்ளிக்கூடம் நடத்துவது யாராலும் முடியும். நான்கு சுவரும் ஒரு மணியும் இருந்தால் போதும். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் குடும்பங்களுக்குத் 'தகவல்' தருவது இருக்கிறதே, அது தவம். அந்தத் தவத்தில் சித்தி பெற்றவர் இந்தியாவிலேயே ஒருவர்தான் என்பது என் துணிபு. அவர், போலகத்துக்குக் கிழக்கே புன்னைமேடு அரசு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் திரு. சண்முகசுந்தரம். அவருக்குக் கீழே உதவியாசிரியனாக இருந்த கோவிந்தராசு ஆகிய நான் அதற்குச் சாட்சி. பள்ளியில் ஆசிரியர்கள் நாங்கள் இருவர்தான். ஆகவே எதிர்ச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது.

எண்பத்து மூன்றாம் ஆண்டு, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த புதிதில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்கள் மேலிடம் வடக்கே வெகு தொலைவில் இருக்கிறது. எங்கள் காரைக்காலில் புறப்படும் விண்ணப்பம் நடுவில் அடுத்த மாநிலத்தையே கடந்துதான் அங்கே போய்ச் சேர வேண்டும். பாவம், பல விண்ணப்பங்கள் வழியிலேயே களைத்துப் படுத்துவிடும். சுற்றறிக்கைகளுக்கு மட்டும் அந்த அலுப்பு கிடையாது. திடகாத்திரமாக வந்து இறங்கும். ஒவ்வொரு பள்ளியும் தன்னைப் பற்றிய பொதுத் தகவல்களை அச்சிட்டுக் குடும்பங்களுக்கு வழங்க வேண்டும் என்றது அது. கட்டடம், நூலகம், குடிநீர், கழிப்பிடம் என்று தலைப்புகளையும் அவர்களே கொடுத்திருந்தார்கள். 'எந்தத் தலைப்பும் காலியாக விடப்படலாகாது' என்பது கடைசி வரி.

"சார், கழிப்பிடம்னு ஒரு தலைப்பு இருக்குங்க. நம்மகிட்டதான் அது இல்லைங்களே" என்றேன்.

தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோவிந்தராசு, இல்லைங்கிறது ஒரு தகவலா?"

"உண்மைங்க சார்."

"உண்மை வேற, தகவல் வேற. உண்மைய எழுதினா படிக்கிறவங்க மனசு சங்கடப்படும். தகவல எழுதினா நிம்மதியா மடிச்சு வச்சுடுவாங்க. நான் சொல்றேன், எழுதிக்குங்க."

சொன்னார். எழுதினேன். கூரையில் ஓடு பறந்துபோன இடங்கள் வழியாக வானம் தெரிந்துகொண்டிருந்தது. அது 'இயற்கை ஒளி பொருந்திய கட்டடம்' ஆயிற்று. ஒரே கூடத்தில் ஐந்து வகுப்புகள் ஐந்து திசை பார்த்து உட்கார்ந்து கத்துவதை, 'ஒரு வகுப்பின் பாடத்தை மற்ற வகுப்புகளும் கேட்டுப் பயன்பெறும் ஏற்பாடு' என்றார். ஐந்தாவது திசை எது என்று கேட்டேன். "கரும்பலகை திசை" என்றார். நூலகம் ஒரு தகரப் பெட்டி. பூட்டு துருப்பிடித்துத் திறக்கவே வராது. 'நூல்கள் மிகப் பாதுகாப்பாக உள்ளன' என்று எழுதச் சொன்னார். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை.

கழிப்பிடம் வந்தபோது எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பள்ளிக்குப் பின்னாலிருந்த கருவேலங்காட்டைச் சற்று நேரம் பார்த்தார். திரும்பி வந்து, "இயற்கையோடு இயைந்த, விசாலமான கழிப்பிட வசதி" என்றார்.

"சார்..."

"விசாலம் பொய்யா? அந்தக் காடு எங்க முடியுதுன்னு எனக்கே தெரியாதுய்யா."

தகவல் ஏடு அச்சாகி வந்தது. இளஞ்சிவப்புத் தாள். பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பினோம். புன்னைமேட்டின் பெரும்பாலான வீடுகளில் எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் மாணவர்தான். ஆகவே பள்ளியைப் பற்றிய தகவலைப் பள்ளியின் பிள்ளைகளே பெற்றோருக்கு வாசித்துக் காட்டினார்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வாசித்தார்கள். தெரியாத பிள்ளைகள் சொந்தமாகச் சில வசதிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் எங்கள் பள்ளிக்கு ஊஞ்சலும் ஒரு யானையும் இருந்ததாக அறிந்தேன்.

ஏட்டின் புகழ் வளர்ந்தது. ஒரு காலை, பள்ளிவாசல் தெருவிலிருந்து உம்மு சல்மா என்பவர் தம் மகள் கமர் நிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அந்தக் குழந்தை அதுவரை டவுனில் ஓர் இங்கிலீஷ் நர்சரிக்கு ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தது. தோளில் துபாயிலிருந்து வந்த சிவப்புத் தண்ணீர்ப் புட்டி.

"இவ வாப்பா துபாய்ல இருக்காங்க வாத்தியார். பொம்பளப் புள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்ப மனசில்ல. பக்கத்துலயே இவ்வளவு வசதியா ஒரு பள்ளிக்கூடம் இருக்குன்னு ஒங்க நோட்டீஸப் பாத்துத்தான் தெரிஞ்சுது" என்றார் உம்மு சல்மா. "சேத்துக்குவோம். அதுக்கு முன்னாடி ஒரு சுத்து பாத்துடவா?"

ஏட்டைப் படித்துவிட்டுப் பள்ளியையும் பார்க்க வந்த முதல் ஆள் அவர். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் தகரப் பெட்டியைப் பார்த்தேன்.

"கட்டடம் வெளிச்சமா இருக்குன்னு போட்டிருக்கே... ஆமா, இருக்கு" என்றார் உம்மு சல்மா, அண்ணாந்து பார்த்து. "மழை பெஞ்சா?"

"அன்னிக்கு வெளிச்சம் கம்மியாத்தான் இருக்கும்மா" என்றார் தலைமையாசிரியர்.

"கக்கூஸு எங்க இருக்கு?"

தலைமையாசிரியர் பின்வாசல் பக்கம் மரியாதையுடன் கை நீட்டினார். உம்மு சல்மா போய்ப் பார்த்தார். கருவேலங்காடு முள்ளோடு நின்றது. கையிலிருந்த ஏட்டைப் பார்த்தார். மறுபடி காட்டைப் பார்த்தார்.

"விசாலமாத்தான் இருக்கு" என்றார்.

அவர் மேற்கொண்டு என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்குள் கூடத்தில் சத்தம் கேட்டது. நான்காம் வகுப்பு அல்லி, பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்தவள், அப்படியே சரிந்து விழுந்துவிட்டாள்.

தூக்கி உட்கார வைத்தோம். உதடு காய்ந்து வெடித்திருந்தது. உம்மு சல்மா மகளின் தோளிலிருந்த சிவப்புப் புட்டியைப் பிடுங்கித் திறந்து அவள் வாயருகே கொண்டுபோனார். அல்லி வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"குடிம்மா."

"வேணாங்க."

"ஏன்டா தங்கம்?"

"குடிச்சா வெளிய போவணும்" என்றாள் அல்லி. "காலைலேருந்து எதுவும் குடிக்கலீங்க. சாயங்காலம் வூட்டுக்குப் போயி குடிச்சுக்குவேன். நாங்க எல்லாரும் அப்படித்தான்."

'நாங்க எல்லாரும்' என்றபோது அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். பெண் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இத்தனை நாள் எங்கள் பள்ளிப் பானையில் தண்ணீர் மிச்சமாவதை நான் சிக்கனம் என்று நினைத்திருந்தேன்.

அல்லியின் அம்மா காசியம்மாவுக்கு ஆள் போயிற்று. மீன்கூடையைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தவர் மகளை மடியில் போட்டுக்கொண்டார். ஆத்திரத்தில் அவளை அடிப்பாரோ என்று பயந்தேன். அடிக்கவில்லை. தலைமையாசிரியரை நிமிர்ந்து பார்த்து, சத்தம் போடாமல் கேட்டார்:

"எம் மவதான் அந்த நோட்டீஸ எனக்குப் படிச்சுக் காட்டுச்சு. எல்லா வசதியும் இருக்குன்னு படிச்சுச்சு. ஒரு வார்த்தகூட முழுங்கல. தண்ணியத்தான் முழுங்காம இருந்திருக்கு. ஏன் சார்?"

தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. தமிழில் அவருக்குச் சொல் கிடைக்காமல் போனதை அன்றுதான் கண்டேன்.

அன்று மாலை மேலிடத்துக்குத் தம் கைப்பட விண்ணப்பம் எழுதினார். அதில் அடைமொழி இல்லை, உவமை இல்லை. 'எங்கள் பள்ளிக்குக் கழிப்பிடம் வேண்டும்' என்று மட்டும் இருந்தது. நான் படித்துப் பார்த்துவிட்டு, "சார், உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்களே?" என்று கேட்டேன்.

பதில் வந்தது. மேலிடத்தின் பதில்கள் எப்போதுமே தர்க்க சுத்தமானவை. 'தங்கள் பள்ளியில் இயற்கையோடு இயைந்த, விசாலமான கழிப்பிட வசதி ஏற்கெனவே இருப்பது தங்களால் அச்சிட்டு வழங்கப்பெற்ற ஏட்டின் மூலம் தெரியவருகிறது. ஒரே பள்ளிக்கு இரண்டாவது கழிப்பிடம் ஆடம்பரமாகக் கருதப்படும். மேற்படி முன்மாதிரி வசதியை நேரில் கண்டு பாராட்டும் பொருட்டு ஆய்வு அதிகாரி திரு. தங்கப்பன் அவர்கள் வருகை தருவார்.'

தலைமையாசிரியர் அந்தக் கடிதத்தைத் தாய்மார்களுக்குத் தாமே படித்துக் காட்டினார். தம் குற்றத்துக்குத் தமக்கே விதித்துக்கொண்ட தண்டனை அது என்று நினைக்கிறேன்.

"பாராட்ட வர்றாங்களா?" என்றார் காசியம்மா. "வரட்டும்."

"வெயில்ல வர்றவங்க வாத்தியார்" என்றார் உம்மு சல்மா. "தாகமா இருக்கும். குடிக்கக் கொடுக்கிறது எங்க பொறுப்பு."

விருந்தோம்பல் என்றே நாங்கள் இருவரும் நினைத்தோம். படித்தவர்கள் அல்லவா?

ஆய்வு அதிகாரி தங்கப்பன் ஆவணி வெயிலில் ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. இறங்கியதும் ஓர் இளநீர். உட்கார்ந்ததும் இன்னொன்று. முதல் வகுப்புப் பிள்ளைகள் பாட்டுப் பாடி முடிப்பதற்குள் உம்மு சல்மா வீட்டிலிருந்து நன்னாரி சர்பத் ஒரு கூஜா வந்தது. மறுத்தால் மனம் புண்படும் என்று சொல்லிச் சொல்லி ஊற்றினார்கள். பிறகு டீ. டீக்கு மேல் மோர்.

"மக்கள் என்ன அன்பா இருக்காங்க, சண்முகசுந்தரம்!" என்று அதிகாரி நெகிழ்ந்தார்.

மூன்றாம் வகுப்பின் வாய்ப்பாட்டில் அவர் நெகிழ்ச்சி குறைந்தது. நான்காம் வகுப்பில் கால்மேல் கால் போட்டார். ஐந்தாம் வகுப்பு ஆறுகளின் பெயர்களை ஒப்பிக்கத் தொடங்கியபோது, "ஆறு வேணாம், ஆறு வேணாம்! மலை சொல்லு" என்று அவசரமாகத் தடுத்தார். பிறகு தலைமையாசிரியரின் காதருகே குனிந்தார்.

"அந்த... பாராட்ட வந்தேனே, அந்த வசதி எங்க?"

தலைமையாசிரியர் பின்வாசல் பக்கம் கை நீட்டினார். அதிகாரி கம்பீரமாக நடந்துபோனார். போன வேகத்தில் நின்றார்.

கருவேலங்காட்டின் ஓரம் முழுக்கத் தாய்மார்கள். சிலர் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். காசியம்மா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இங்க கூட்டம்?"

"பெத்தவங்க கூட்டமுங்க" என்றார் காசியம்மா எழுந்து நின்று. "உள்ளார எடமில்லன்னு இங்க போட்டிருக்கோம். நீங்க என்னங்கய்யா, பாராட்டப் போறீங்களா? போங்க, போங்க. நாங்க வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கிறோம். எங்க புள்ளைங்களுக்கு அதுகூடக் கெடையாது."

அதிகாரி முன்வாசலுக்கு வந்தார். அது பஸ் நிற்கும் இடம். அம்பகரத்தூர் போகிறவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள், வணக்கம் வைத்தார்கள். குளத்துப் பக்கம் போனார். அங்கே துணி துவைக்கிறவர்கள். ஜீப்பைத் தேடினார். ஓட்டுநரை உம்மு சல்மா வீட்டில் பிரியாணிக்கு அழைத்துப் போயிருந்தார்கள், சாவியோடு.

வேர்த்து ஒழுகக் கூடத்துக்குத் திரும்பி வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சண்முகசுந்தரம், இது என்ன பள்ளிக்கூடமா? ஒரு மனுஷன் எப்படிய்யா இங்க நாள் பூரா இருப்பான்?"

"தண்ணி குடிக்காம இருந்தா இருக்கலாங்க ஐயா" என்று நான்காம் வகுப்பு வரிசையிலிருந்து குரல் வந்தது. அல்லி. கேலியாகச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தாள்.

அதிகாரி அவளைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளையும் பார்த்தார். என்னவோ புரிந்தது போலவும் இருந்தது, புரிந்துகொள்ள அது நேரமில்லை போலவும் இருந்தது. பள்ளியின் ஆய்வுக் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். நின்றபடியே எழுதினார்: 'கழிப்பிடம் உடனே கட்டப்பட வேண்டும். மிக அவசரம்.' அதன் கீழே இரண்டு கோடு. துறையின் கோப்புகளில் 'அவசரம்' என்ற சொல்லை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அதன் முழுப் பொருளோடு ஒருவர் கையாண்டது அன்றுதான்.

தலைமையாசிரியர் அந்தத் தாளைப் பின்வாசலில் நின்று உரக்கப் படித்தார். காசியம்மா வெற்றிலையைத் துப்பினார். "ஏய், எழுந்திரிங்கடி, அடுப்புல உலை கொதிக்கும்" என்றார். காட்டோரம் ஒரு நொடியில் காலியாயிற்று.

அதன் பிறகு கழிப்பிடம் கட்டப்பட்ட வேகத்தைப் பாராட்ட என்னிடம் சொல் இல்லை. பெண் பிள்ளைகளுக்குத் தனியாக, கதவும் தாழ்ப்பாளும் வைத்து, அடுத்த கோடைக்குள் முடிந்துவிட்டது. கமர் நிஷா எங்கள் பள்ளியில் சேர்ந்தாள். திறப்பு விழாவுக்குத் தோரணம் கட்டினோம். சிறப்பு விருந்தினர் தங்கப்பன்தான். ஒரு பள்ளியின் சிறு தேவையையும் தாயைப் போல் உணர்கின்ற துறையின் 'கருணை உள்ளம்' பற்றி அவர் வெகுநேரம் பேசினார். எதிரே டம்ளரும் வைத்திருந்தோம், அவர் தொடவில்லை.

நன்றியுரை, பெற்றோர் சார்பில் காசியம்மா. மேடை ஏறிப் பழக்கமில்லாதவர், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"ஐயாவுக்கு ரொம்ப நன்றிங்க. ஐயாவுக்கு அன்னிக்கு ஒரு நாழி முட்டுச்சு, கக்கூஸு வந்துடுச்சு. எங்க புள்ளைங்களுக்கு வருசக்கணக்கா முட்டுச்சே, அது ஏங்க ஒங்க ஆபீசுக்குத் தெரியவே இல்ல?"

கூட்டம் கைதட்டியது. பழக்க தோஷத்தில் அதிகாரியும் தட்டினார், பாதியில்தான் நிறுத்தினார்.

அந்தக் கேள்விக்கு மேலிடம் பதில் சொல்லாமல் விட்டுவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அடுத்த மாதமே எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது, வழக்கம்போலத் திடகாத்திரமாக: இனிமேல் பள்ளி விழாக்களில் நன்றியுரை கிடையாது.