தெருக்கோடியில் ஆம்ஸ்ட்ராங்

எண்பத்து நாலாம் வருஷப் புத்தாண்டுப் பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு முடிவெடுத்தேன். இந்த வருஷத்துக்குள் தருமபுரி மாவட்டத்தையே ஜாஸ் இசை கேட்க வைத்துவிடுவது. முதலில் எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டி. அப்புறம் அரூர். கடைசியில் ஓசூர் எல்லையைத் தொட்டுவிட்டுத்தான் ஓய்வு.

மனைவி ராஜமேரியிடம் சொன்னேன். முதலில் அடுத்த வீட்டுக்காரர் ஒருத்தரைக் கேட்க வையுங்கள், ஓசூர் எங்கேயும் ஓடிப்போகாது என்றாள்.

பத்து வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் நான் குமாஸ்தாவாக இருந்த கம்பெனியின் மேனேஜர், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது தன் ரெக்கார்டு பிளேயரையும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ஜாஸ் இசைத்தட்டுகளையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட், பென்னி குட்மனின் கிளாரினெட், டியூக் எலிங்டனின் பியானோ. பாட்டில் நல்ல இடம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் தொடையைத் தட்டி, "கேட்டீங்களா?" என்று சொல்லவேண்டும். பக்கத்தில் யாரும் இல்லாததால் நான் வருஷக்கணக்காக என் தொடையையே தட்டிக்கொண்டிருந்தேன்.

ராஜமேரிக்கும் ஒரு குறை உண்டு. ஜன்னலோர மூலையில் பிளேயர் உட்கார்ந்திருப்பதால் அவளுடைய தையல் மெஷின் அடுப்படியில் கிடந்தது. அவள் தைக்கும் ரவிக்கையெல்லாம் கடுகு தாளித்த வாசனை அடிக்கிறது என்று ஊரே சொன்னது.

"ஈஸ்டர் வரைக்கும் டைம் தர்றேனுங்க. உங்க பாட்டுக்குன்னே ஒரு ஆளு நம்ம வூடு தேடி வரட்டும், பொட்டி மூலையிலயே இருக்கட்டும். வரலைன்னா பொட்டி பரணுக்கு, மெஷின் மூலைக்கு."

சம்மதித்தேன். பரண் என்பது எங்கள் வீட்டில் எலிகளின் ராஜ்ஜியம். அங்கே போன எந்தப் பொருளும் முழுசாகத் திரும்பியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஜன்னலைத் திறந்துவைத்து, ஆம்ஸ்ட்ராங்கின் மெதுவான தட்டு ஒன்றை முழுச் சத்தத்தில் வைத்தேன். பாட்டு பாதி ஓடுவதற்குள் வாசலில் ஆட்கள். என் கண் நிறைந்துவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன். முன்னால் நின்ற பக்கத்து வீட்டு மாரியப்பன் கையில் ரோஜா மாலை. அவர் சம்சாரம் காசியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊரில் டிரம்பெட் சத்தம் கேட்டால் ஒன்று தேர்த் திருவிழா, இல்லையென்றால் சாவு. தேருக்கு இன்னும் மாதங்கள் இருந்தன.

"யாருங்க தவறிட்டது?" என்று கேட்டார் மாரியப்பன்.

"யாருமில்லீங்க. இவரோட மானம்தான்" என்றாள் ராஜமேரி.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு பேண்டு செட்டு சவுரியப்பன் வந்தார். தெருக்கோடியில் கொட்டகை போட்டிருப்பவர், கிளாரினெட் வாசிப்பார். மனுஷர் கொதித்துப்போயிருந்தார்.

"நம்ம தெருவுல ஒரு சாவு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம வெளியூரு செட்டைக் கூட்டியாந்திருக்கீங்க. எந்த ஊரு செட்டுங்க இது, தீர்த்தமலைப் பக்கமா?"

"அமெரிக்கா" என்றேன்.

"அவ்ளோ தூரத்துல இருந்தா? பஸ்சு செலவு யாரு குடுத்தா?"

உள்ளே இழுத்துவந்து பெட்டியைக் காட்டினேன். பேசாமல் உட்கார்ந்து கேட்டார். தட்டு முடிந்ததும், இன்னொரு தரம் போடுங்க என்றார். ஆகா, கிடைத்துவிட்டார் ரசிகர் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. போடுவதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம் கொடுத்தேன். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் பூகோளத்தில் தொடங்கி ஆம்ஸ்ட்ராங்கின் உதடு வரைக்கும் வந்தேன். உதட்டுக்கு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவருக்கு மாடே கிடையாது.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. என்னைத் தெருவில் கண்டாலே சைக்கிளைத் திருப்பினார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமும் பாதிக்கு மேல் போய்விட்டது. தினம் ஆபீசிலிருந்து வந்ததும் பிளேயரைத் தடவிக்கொடுப்பேன். பரணில் எலி ஓடும் சத்தம் நெஞ்சுக்குள் ஓடுவதுபோல இருக்கும்.

கடைசியில் குறுக்குவழிக்கு இறங்கினேன். மாரியப்பனைத் தனியாகப் பிடித்து, ஈஸ்டர் அன்றைக்கு எங்கள் வீட்டில் கறிச்சோறு என்றேன். பதிலுக்கு அவர் வந்து உட்கார்ந்து, 'ஆம்ஸ்ட்ராங் கேக்கணும்னுதான் வந்தேன்' என்று ராஜமேரி காதில் விழும்படி சொன்னால் போதும். அந்தப் பெயரை அவர் நாக்கில் ஏற்றுவதற்குள் என் நாக்கு தேய்ந்தது.

ஈஸ்டர் மதியம் மாரியப்பனோடு வீட்டுக்குள் நுழைந்தேன். ஜன்னலோரம் தையல் மெஷின் நின்றது. பிளேயர் இல்லை. டிரங்குப் பெட்டியும் இல்லை.

"ஆம்ஸ்ட்ராங் கேக்கணும்னுதான் வந்தேனுங்க" என்றார் மாரியப்பன், கறிச்சட்டியைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும்ண்ணா. காசியம்மா போன வாரமே சொல்லிட்டாங்க. கை கழுவிட்டு உட்காருங்க" என்றாள் ராஜமேரி.

பெட்டி எங்கே என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னாள். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது, பேண்டு செட்டுக்கு வேலை கிடையாது. நான் ஆபீஸ் போனதும் மத்தியானத்தில் சவுரியப்பன் வருவாராம். முதலில் தனியாக, அப்புறம் செட்டு முழுக்க. ராஜமேரி தட்டை வைத்துவிட்டுக் காஜா எடுத்துக்கொண்டிருப்பாளாம்.

"நான் இருக்கும்போது வரவேண்டியதுதானே?"

"நீங்க பேசறீங்களாம்" என்றாள். பிறகு, மெதுவாகச் சொன்னாள். "பொட்டி கொட்டகையில இருந்தா தினமும் சாயங்காலம் எல்லாரும் கேக்கலாம்னு சவுரிண்ணன் கேட்டாருங்க. குடுத்துட்டேன். பத்து வருஷமா ஒரு ஆளுக்கு ஏங்கினீங்களே, செட்டே வந்திருக்கு. உங்களுக்கு வேணாமா?"

நான் வாய் திறப்பதற்குள் தெருக்கோடியிலிருந்து சத்தம் வந்தது. ஆம்ஸ்ட்ராங்கின் அதே மெதுவான பாட்டு. ஆனால் டிரம்பெட் இல்லை, கிளாரினெட். தட்டு இல்லை, சவுரியப்பன். அங்கங்கே எங்கள் மாதா கோயில் தேர் மெட்டு எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தொடையைத் தட்டினேன். மாரியப்பன் சோற்றோடு நிமிர்ந்து, "ம், கேட்டேன்" என்றார்.

ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ராஜமேரிக்கும் சொல்லத் திரும்பினேன். அவள் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அந்த மூலை வெளிச்சத்தில் ஊசிக்காது நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரே தடவையில் கோத்துவிட்டாள். நான் பத்து வருஷம் தேடிய ஆட்களைத் தவக்காலத்துக்குள் சேர்த்துக் கொடுத்தவள் அவள். அந்த நன்றி இன்றுவரை என் மனதில் இருக்கிறது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். செட்டு முழுக்க பாயில் உட்கார்ந்திருந்தது. சவுரியப்பன் எழுந்து வந்து என் கையைப் பிடித்து, நடுவில் இடம் போட்டு உட்கார வைத்தார். அடுத்தது எலிங்டன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த எலிங்டன் இருக்காரே" என்று ஆரம்பித்தேன்.

"மாப்ள, பாட்டு ஓடறப்ப யாரும் பேசக் கூடாதுங்க" என்றார் சவுரியப்பன். "பொட்டியைக் குடுக்கறப்பவே தங்கச்சி போட்ட கண்டிஷன்."