தார் ரோட்டில் ஆடிய யானை

வலியில் துடித்த ஒரு யானையைக் காட்டி, "டான்ஸ் ஆடுது, கை தட்டுங்க" என்று சொன்னவன் நான். இதைச் சொல்லாமல் ஆனை பாயைப் பற்றி எழுதினால் அவருக்கே பிடிக்காது.

வருகிறவர்களை எல்லாம் விரட்டியடித்தும் கடை நடத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் பாய். ஏற்காடு பஜாரில் பழக்கடை. யார் வாழைப்பழம் கேட்டாலும், "யாருக்குங்க?" என்பார். குரங்குக்கு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

"அதுக்குக் காட்டுல கெடைக்குதுங்க. நீங்க கெடுக்காம ஊடு போய்ச் சேருங்க!"

யானையே இல்லாத இந்த மலையில் யானைகளுக்காக அவர் வாதாடாத நாளில்லை. அதனால்தான் அந்தப் பெயர்.

என் லாட்ஜ் திறப்பு விழாவுக்குக் கீழே சேலத்துப் பக்கமிருந்து லாரியில் ஒரு யானையை வரவழைத்தேன். சித்திரை வெயில். வாசலில் தார் ரோட்டில் நின்ற அது, காலை மாற்றி மாற்றித் தூக்கியது. உள்ளங்காலில் புண் என்று பாகன் முன்பே சொல்லியிருந்தான். விருந்தாளிகள் கேட்டபோது நான் டான்ஸ் என்றேன்.

பாய் வந்தார். செருப்பைக் கழற்றி எறிந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, யானைக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நின்று குதித்தார்.

"ஏனுங்க, நானும் நொம்ப நல்லாத்தான ஆடறேன்? எனக்கு யாரும் தட்ட மாட்டீங்களா?"

சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. நான் ஆள் விட்டு அவரை அங்கிருந்து விரட்டினேன்.

பாய் வனத்துறையிடம் போனார். புண் விழாவுக்குப் பிறகு வந்ததுதான் என்று சாதித்தார் யானையின் உரிமையாளர். மறுத்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் யானை மறுபடி லாரி ஏறும். விழாவுக்கு வந்தவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"புண்ணோடுதான் நின்றது. தெரிந்தேதான் நிறுத்தினேன்" என்று அதிகாரியிடம் சொன்னேன். என் மேலும் வழக்கு வந்தது. மற்ற லாட்ஜ்காரர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் விழா நாளிலிருந்து இறங்காத சோறு அன்றுதான் எனக்கு இறங்கியது. அதற்கு இன்றும் பாய்க்கு நன்றி சொல்கிறேன்.

யானை வனத்துறை முகாமுக்குப் போனது. சில மாதம் கழித்து ஜீப்போடு வந்து நின்றார் பாய்.

"ஏறுங்க சார். பாத்துட்டு வந்துரலாம்."

முகாமில் அது நான்கு காலையும் சேற்றில் ஊன்றி, அசையாமல் நின்றது.

"ஆடக் காணமுங்களே, சார்?"

"ஆடலை, பாய்."

"அப்ப இப்பத் தட்டுங்க."

தட்டினேன். முகாம் பாகன் எங்களை ஒரு மாதிரி பார்த்தான்.

திரும்பும் வழியில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் மடியில் வைத்தார் பாய். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.