தன் வழக்கைத் தானே விசாரித்த டாக்டர்

நியூ ஜெர்சி மாநிலத்தில் பாரபட்சம் என்னும் நோய் இன்றுவரை தீண்டாத ஒரே மனிதன் அகிலன். இதை அகிலனே சொல்லியிருப்பதால் வேறு சாட்சி தேவையில்லை.

அங்கே பிஸ்கட்டவே என்ற ஊரில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிப்பவன். கல்லூரிப் பத்திரிகையில் வாரம் ஒரு பெரிய மனிதரைப் பிடித்துக் கிழிகிழியென்று கிழிப்பான். கிழிபட்டவர்கள் அதைப் படிப்பதில்லை என்பதால் இரு தரப்பும் நலம்.

அப்படிப்பட்டவனைத் தேடித்தான் அடுத்த அப்பார்ட்மென்ட் பிரீத்தி அக்கா தன் மகள் அதிதிக்காக வந்தாள். தமிழ்ச் சங்கத்தில் சிறுவர் பேச்சுப் போட்டி. தலைப்பு, ‘எங்கள் ஊரின் பெருமைமிகு மனிதர்’. முதல் பரிசு வாங்கும் பிள்ளைக்கு டெக்சாஸில் ஆயிரம் பேர் முன்னால் பேசும் வாய்ப்பு. விதி ஒன்றே ஒன்று: பேச்சைப் பிள்ளையே எழுத வேண்டும்.

“அதிதி அவளே எழுதின மாதிரி ஒண்ணு எழுதிக் குடுடா,” என்றாள் அக்கா. “இங்கிலீஷ் எழுத்துலயே டைப் பண்ணிடு. தமிழ் படிக்க அவளுக்கு டைம் இல்ல, ஸ்விம்மிங் இருக்கு.”

அகிலன் நூலகத்தில் புழுதி தட்டி ஒரு பெருமைமிகு மனிதரைக் கண்டெடுத்தான். டாக்டர் ஈனாக் ஹூலிக். இருநூறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் ஒரே டாக்டர். ஒரே நீதிபதியும் அவரே. காலையில் நரம்பைக் கீறி ரத்தம் எடுப்பார். பிற்பகலில் தீர்ப்பு சொல்வார். காலையில் பிழைத்தவர்கள் மட்டுமே பிற்பகலுக்கு வந்ததால் நீதிமன்றத்தில் நெரிசல் கிடையாது.

ஒருநாள் கன்னம் வீங்கி வந்த விவசாயிக்குச் சொத்தைப் பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார் டாக்டர். விவசாயி வழக்குப் போட்டான். “டாக்டர் ஹூலிக் வந்திருக்கிறாரா?” என்று கேட்டார் நீதிபதி ஹூலிக். வந்திருந்தார். தீர்ப்பும் வந்தது: ‘பிடுங்கிய பல் தவறானதாக இருக்கலாம். பிடுங்கிய கை தேர்ந்த கை. வழக்குத் தள்ளுபடி.’

அகிலன் விழுந்து விழுந்து சிரித்தான். பேச்சில் டாக்டரை ஆகாயத்துக்குத் தூக்கி, பொத்தென்று கீழே போட்டு, கடைசி வரியில் மிதித்தான்: ‘தன் வேலைக்குத் தானே மார்க் போடுகிறவரை நம்பாதீர்கள்!’

போட்டி நாள். சங்கச் செயலாளர் வாஞ்சிநாதன் அங்கிள் வியர்த்து வழிய ஓடி வந்தார்.

“அகில், ஜட்ஜ் டர்ன்பைக் ஹைவேல டிராஃபிக்ல மாட்டிக்கிட்டாருப்பா. நீதான் ரைட்டராச்சே, உக்காரு.”

“அங்கிள், அது வந்து…”

“ஏன், பேசுற பிள்ளைங்கள்ல யாராவது உனக்குச் சொந்தமா?”

அகிலன் மனசாட்சியைக் கேட்டான். அதிதி சொந்தம் இல்லை. அவள் அம்மா அடுத்த அப்பார்ட்மென்ட், அவ்வளவுதான். பேச்சைப் பற்றி அங்கிள் கேட்கவில்லையே.

“இல்ல அங்கிள்.”

சட்டையில் ‘நடுவர்’ பட்டை ஏறியது. முதுகு தானாக நிமிர்ந்தது.

ஐந்தாவதாக ரோஹன் வந்தான். ஏழு வயது. கையில் இருந்த தாளில் எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன.

“எங்க ஊர்ப் பெரிய மனுஷர் எங்க பஸ் டிரைவர் மிஸ்டர் கார்ல். நான் ஸ்னோல விழுந்துட்டேன். பல்லு போச்சு. அவர் பஸ்ஸ நிறுத்தினார். முட்டி போட்டுத் தேடினார். கிடைக்கல.” தாளைத் திருப்பினான். “ஆனா ரொம்ப நேரம் தேடினார். தேங்க்யூ.”

அகிலன் தன்னை மறந்து கைதட்டினான். ‘91’ என்று போட்டான்.

அடுத்து அதிதி. மடமடவென்று ஒப்பித்தாள். ஒவ்வொரு நகைச்சுவைக்கும் அவள் சொல்லி முடிக்கும் முன்பே நடுவர் சிரித்தார். கடைசி வரிக்கு, ஒத்திகையில் அகிலன் சொல்லிக்கொடுத்தபடி, அவள் நடுவர் மேஜையை நோக்கி விரலை நீட்டினாள். “தன் வேலைக்குத் தானே மார்க் போடுகிறவரை நம்பாதீர்கள்!”

கைதட்டல் காதைப் பிளந்தது. நடுவரும் தட்டினார்.

பேனா தாளின்மேல் நின்றது. டெக்சாஸில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் சிரிக்கும் சத்தம் அகிலனுக்குத் தெளிவாகக் கேட்டது. ‘92’ என்று போட்டான். குறிப்பும் எழுதினான். ரோஹனுக்கு: ‘சொன்னது உண்மையாக இருக்கலாம். சொன்ன விதத்தில் தேர்ச்சி போதாது.’ அதிதிக்கு: ‘எழுதிய கை தேர்ந்த கை.’ கீழே கையெழுத்திட்டான்.

முதல் பரிசுச் சான்றிதழோடு அதிதி மேஜைக்கு வந்தாள். “அண்ணா, ஸோ தி டாக்டர் வாஸ் ராங், ரைட்?”

“ஃபோட்டோக்கு நில்லு,” என்றான் அகிலன்.

முன்வரிசையில் ரோஹன் எல்லோரையும்விட பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தான். நடுவர் தன்னைப் பார்ப்பதைக் கண்டு வாயெல்லாம் சிரித்தான். நடுவே ஒரு பல்லைக் காணோம்.