திறந்தே இருந்த பதிவு

1988ஆம் ஆண்டு, சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் இருந்த தமிழர் துரிதச் சேவை மன்றத்துக்கு ஆறு கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. செயலாளர் உட்பட ஊழியர்களும் ஆறு பேர்தான். ஆளுக்கொன்று கிடைத்ததால் நாகரிகத்தில் எவரும் பின்தங்கவில்லை.

செயலாளர் சுற்றறிக்கை விடுத்தார்: "கோப்பு என்பது நம் அனைவருக்கும் பொது. பதிவு என்பது அதில் ஊழியர் அல்லது உறுப்பினர் ஒருவரைப் பற்றிய பக்கம். ஒருவர் ஒரு பதிவைத் திருத்தத் திறந்தால், அவர் மூடும்வரை மற்றவர்கள் பார்க்கலாம், தொட இயலாது. ஒரு கம்ப்யூட்டரில் ஒரு சமயம் ஒரு பதிவைத்தான் திறக்க இயலும். இவ்வுயரிய ஏற்பாட்டுக்குப் பகிர்வு என்று பெயர்."

அற்புதராஜ் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். குடும்பத்தின் முதல் பட்டதாரி அவன். எதையும் ஒரு தடவை படித்து நம்பிவிட மாட்டான். அவனுடைய பதிவில், வேலை நிலை என்ற கட்டத்தில் 'தற்காலிகம்' என்று இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அது 'நிரந்தரம்' ஆக வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரே அவனை வேலையிலிருந்து நீக்கிவிடும். அவன் அம்மா அல்போன்சம்மாளோ, மகன் வேலை நிரந்தரம் என்று ஈசூனில் தாங்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

திருத்த வேண்டியவர் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர், பாலகிருஷ்ணன். திங்கட்கிழமையே பதிவைத் திறந்துவிட்டார். வீட்டுக்குப் போகும்போதுகூட கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. புதன்கிழமையும் அது திறந்தே இருந்தது.

"சார், மாத்திட்டீங்களா?"

"திறந்திருக்கேன்ல?"

"ஒரு வார்த்தைதான் சார். மாத்திட்டு மூடிடலாமே."

பாலகிருஷ்ணன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "டிகிரி மட்டும் போதாது லா தம்பி. திறந்திருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். மூடிட்டா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். வேலை முடிஞ்ச ஆளை எந்த ஆபீஸ்ல வச்சிருப்பாங்க?"

பக்கத்து மேசை சந்திரமதி, "அவர் டீ குடிக்கப் போறப்ப அவர் மிஷின்ல நீயே 'நிரந்தரம்'னு தட்டிவிட்டுடேன்" என்றாள்.

"அது தப்புக்கா."

"அப்ப வேலை போறதுதான் சரியா?"

அற்புதராஜ் சுற்றறிக்கையை எடுத்து இன்னொரு முறை படித்தான்.

வெள்ளி மாலை கம்ப்யூட்டர் தன் கடமையைச் செய்தது. தற்காலிகமானவர்களைத் தேடியது. அற்புதராஜைக் கண்டுபிடித்தது. நீக்கப் போனால், பதிவு வேறொருவர் கையில் இருந்தது. முறைப்படி திரும்பிப் போய்விட்டது.

"பாத்தியா? மூடியிருந்தா உன் வேலை போயிருக்கும்!" என்றார் பாலகிருஷ்ணன்.

திறந்திருக்கும் பதிவை யாரும் ஒன்றும் செய்துவிட முடியாது என்ற பேருண்மை அலுவலகமெங்கும் பரவியது. மறுவாரம் ஆறு பேரும் நேரத்தோடு வந்து, தத்தம் பதிவைத் திறந்துவைத்து அதன் முன் அமர்ந்தார்கள். பாலகிருஷ்ணன் தம் பதிவுக்கு மாறிவிட்டதால், அற்புதராஜின் பதிவு இப்போது அவன் கையிலேயே இருந்தது. தானே 'நிரந்தரம்' என்று தட்டிக்கொள்வது நேர்மையல்ல என்பதால் தட்டவில்லை. திறந்து மட்டும் வைத்திருந்தான்.

அந்த மாதம் கோப்பில் ஒரு பிழைகூட நேரவில்லை என்று மேலிடம் பாராட்டியது.

பிறகொரு நாள் சிவகாமசுந்தரி என்ற உறுப்பினர் கவுன்ட்டருக்கு வந்தார்.

"வீட்டுக்காரர் இறந்துட்டார். இன்னும் அவரை மன்றத்து மெதுவோட்டத்துக்கு வரச் சொல்லி லெட்டர் போடுறீங்க. பேரை எடுத்துடு தம்பி."

"மிஷின் காலியா இல்ல ஆன்ட்டி."

"ஆறு இருக்கே! ஆறுலயும் அப்படி என்னதான் பண்றீங்க?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத அற்புதராஜ் உள்ளதைச் சொன்னான். ஒருவரின் பதிவு திறந்திருக்கும்வரை அவரை யாராலும் நீக்க முடியாது என்பதையும் விளக்கினான். சொல்லிவிட்டு, திட்டப்போகிறார் என்று பயந்து நின்றான்.

சிவகாமசுந்தரி யோசித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு கவுன்ட்டரில் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"அவரோடது கிடக்கட்டும். என்னோடதைக் கொஞ்சம் திறந்து வையேன் தம்பி. செவ்வாய்க்கிழமை எனக்கு ஆபரேஷன்."