இன்று தேய்க்க வேண்டியவர்

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த சித்தப்பா அவர்களுக்கு,

நலம். நீங்களும் சித்தியும் நலமா? உலக மக்கள் எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவிப்பு ஒன்று: நேற்றோடு சேர்த்துத் தொடர்ந்து பதினோராவது நாளாக நம் வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்தவன் உங்கள் அண்ணன் மகனாகிய நானே.

நீங்கள் வாங்கித் தந்த கையகலக் கணினிக்கு நான் ஒரு நிரல் எழுதினேன் அல்லவா? அக்கா, அண்ணன், நான் மூவரும் "நேத்து நான்தான் தேய்ச்சேன்" என்று தினமும் போட்ட சண்டையில் பாத்திரத்தைவிட அம்மாவின் காதுதான் அதிகம் தேய்ந்தது. "நாள் கணக்கை மூணால வகுத்து மீதியைப் பாருடா, ஒரே வரி" என்று நீங்கள் போனில் சொன்னீர்கள். வகுத்தலாம்! அதெல்லாம் சின்னப்பிள்ளை வேலை. நான் செய்தது நிலைப்பொறி. அதற்கு எண்ணே தெரியாது. தான் எந்த நிலையில் நிற்கிறோம் என்பது மட்டும் தெரியும். பொத்தானை அழுத்தினால் அக்காவுக்கு அடுத்து அண்ணன், அண்ணனுக்கு அடுத்து நான், எனக்கு அடுத்து மறுபடி அக்கா. வகுக்காமலே மீதி கண்ட மேதை! நூற்றெண்பது வரி! சாப்பிட்டு முடித்ததும் அப்பா பொத்தானை அழுத்துவார், திரையில் பெயர் வரும். "மெஷினுக்கு ஓரவஞ்சனை தெரியாது. ஒரு வருஷத்துக்கு அது சொன்னா சொன்னதுதான்" என்று தீர்ப்பே வழங்கிவிட்டார்.

அதில் ஒரே ஒரு சின்ன விஷயம். மின்சாரம் போய் வந்தால் பொறிக்கு எல்லாம் மறந்துவிடும். முதல் பெயரிலிருந்து மறுபடி தொடங்கும். பதினொரு நாளுக்கு முன்னால் அக்கா என் நிரலைத் திறந்து, முதல் பெயராக என் பெயரைப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் பிளக் கழன்று கிடக்கிறது. "நீதானே புடுங்கின?" என்றால், "நானா? பிளக் லூஸா இருக்கும்டா தம்பி. ஈரக்கையோட தொடாதே, துடைச்சிட்டு மாட்டு" என்கிறாள். அண்ணன் வேறு அடிப்பிடித்த சட்டியைத் தூக்கி வந்து, "விஞ்ஞானி சார், இதுலயும் ரெண்டு நிலை இருக்கு. கருப்பு, ரொம்பக் கருப்பு" என்கிறான். அப்பாவிடம் முறையிட்டால் "நீ செஞ்ச மெஷின்தானே?" பொறி வைத்தவனே எலியானேன்.

வரும் ஞாயிறு அப்பாவின் அலுவலகத்திலிருந்து பதினாறு பேர் சாப்பிட வருகிறார்கள். பதினாறு தட்டு, சித்தப்பா! அதற்குள் நீங்கள் அப்பாவுக்கு போன் போட்டு, பொறி பழுது, தீர்ப்பு செல்லாது என்று சொல்லிவிடுங்கள்.

சித்திக்கு வணக்கம், பாப்பாவுக்கு முத்தம்.

இப்படிக்கு,
நுரை தள்ளிய நிலையில்,
உங்கள் மகன்

பின்குறிப்பு: அப்பாவுக்கு முன்னால் நீங்கள் அக்காவிடம்தான் விசாரிப்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். முதல் பெயராக அக்கா பெயரை வைத்தவன் நான். என் முறை வந்த நாளெல்லாம் பிளக்கைப் பிடுங்கியவனும் நான். ஒன்றரை மாதம் அக்கா, அண்ணன், அக்கா, அண்ணன் என்றே ஓடியது. அண்ணன் கவனிக்கவில்லை, அக்கா எண்ணிவிட்டாள். நான் நிரலில் பெயரைத் திருப்பி மாற்றினால் அந்தக் கணக்கை அப்பாவிடம் காட்டுவாளாம். நாள் கணக்கை வகுத்திருந்தால், மின்சாரம் போனாலும் தேதி மாறாது, பிளக்கைப் பிடுங்கி ஏமாற்ற முடியாது. அது தெரிந்துதான் வகுக்கவில்லை. போன் போட வேண்டாம், சித்தப்பா. நேற்று காகிதத்தில் வகுத்தும் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதிலும் என் பெயர்தான் வருகிறது.