வெள்ளிக்கிழமை எரித்த ஆட்டிறைச்சி

நாள்தோறும் பதிகம் பாடுபவன் நான். இறைவன் எனக்குப் பக்தியைத் தந்தான். பிறர் சொல்வதை நம்பும் குணத்தைத் தர மறந்துவிட்டான்.

பத்து ஆண்டுகளுக்கு முன், என் மனைவிக்குச் சர்க்கரை நோய் கண்டபோது, எங்கள் ஊரான கூலாயின் மருத்துவமனையில் உணவு ஆலோசகரான ஓர் இளம்பெண் அட்டவணை ஒன்று கொடுத்தார். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியில் கலோரி குறைவு. கொழுப்புள்ள ஆட்டிறைச்சியில் அதிகம். ஒரு கிராம் கொழுப்பு, அதே அளவு புரதத்தைப்போல் இருமடங்குக்கு மேல் வெப்பம் தருமாம். (நானோ தீட்சை பெற்றுப் புலாலைக் கைவிட்டவன். உண்ணாதவனுக்கே இறைச்சியைப் பற்றி நடுநிலையான அறிவு உண்டு என்பது என் அன்றைய கொள்கை.) எப்படி அளந்தீர்கள் என்று கேட்டேன். உணவை உலர்த்தி, மூடிய கலத்தில் எரித்து, சுற்றியுள்ள நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்ப்பார்களாம். இதற்கு ஓர் ஆய்வுக்கூடம் எதற்கு என்று தோன்றியது.

ஓர் ஆட்டுத் துண்டைக் காயவைத்தேன். மழை விடவில்லை. அது காய்ந்த நாள் வெள்ளிக்கிழமை. அன்று மாலைதான் மகளுக்குத் தட்டு மாற்ற பக்கத்து நகரான ஸ்கூடாயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. புலால் தொடாத யாழ்ப்பாணக் குடும்பம். வெள்ளியன்று எங்கள் வீட்டில் இறைச்சி நுழையாது என்று நானே அவர்களிடம் பெருமை பேசியிருந்தேன். உண்பதற்குத்தானே தடை, எரிப்பதற்கு இல்லையே என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டேன்.

பால்மாவு டின்னில் நீர், அதில் வெப்பமானி, கீழே கம்பியில் குத்திய இறைச்சி. தீ வைத்தேன். நீர் சூடேறியதோ இல்லையோ, வீடு முழுவதும் புகை சூழ்ந்தது. சாலை நெரிசலுக்கு அஞ்சி முன்னதாகவே கிளம்பிய சம்பந்திகள் அவ்வேளையில் உள்ளே வந்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு, கையில் எரியும் ஆட்டிறைச்சி: அவர்கள் கண்ட திருக்கோலம் அதுதான்.

மாப்பிள்ளையின் தந்தை தாம்பூலத் தட்டைக் கீழே வைக்கவில்லை. அறைக்குள் மகள் அழுவது கேட்டது.

"பேசுங்க," என்றாள் மனைவி. "இன்னிக்காவது உண்மைய மட்டும் பேசுங்க."

அட்டவணை முதல் வெப்பமானி வரை அனைத்தையும் ஒப்புக்கொண்டேன். மாப்பிள்ளையின் தாயார் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். குனிந்து டின்னைப் பார்த்தார்.

"தண்ணிய எடை போட்டீங்களா?"

"இல்லீங்கம்மா."

"இறைச்சிய?"

"தொடக் கூச்சமா இருந்துச்சு. இடுக்கியாலதான் எடுத்தேன்."

"மூடாம, நிறுக்காம எரிச்சா பாதிச் சூடு காத்துல போயிரும் அண்ணே. இதுக்கு மார்க் போட முடியாது." பிறகு கணவரிடம் திரும்பினார். "தட்ட வைங்க. சாப்பிடறதுக்குன்னா யாரும் இப்படிக் கருக்க மாட்டாங்க."

திருமணம் இனிதே நடந்தது. மனைவி இன்றும் அந்த இளம்பெண்ணின் அட்டவணைப்படியே உண்கிறாள். எனக்கோ, என் வீட்டிலேயே தீப்பெட்டி தரப்படுவதில்லை. பூசையில் கற்பூரத்தையும் அவளே ஏற்றித் தருகிறாள்; கூடவே, சம்பந்திகள் வந்திருக்கும் நாளில் அவர்கள் காதில் விழும்படி, "காட்டுறதோட நிறுத்திக்குங்க, அளக்க வேணாம்" என்று சொல்லியும் வைக்கிறாள்.