மாமாவின் சாரத்தில் சுற்றிய ரொட்டி

ஒரு வீட்டில் புது மருமகன் இருப்பதைப் போல ஆபத்து வேறொன்றும் இல்லை. அவன் என்ன செய்தாலும் யாரும் ஏசமாட்டார்கள். யாரும் ஏசாததால், தான் செய்வதெல்லாம் சரி என்று அவன் நம்பத் தொடங்கிவிடுவான். இதை நான் ஆராய்ந்து கண்டுபிடிக்கவில்லை. முரசுமோட்டையில் ஒரு வீட்டில் நான்கு மாதம் நானே அந்த மருமகனாக இருந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஓமந்தை. கலியாணம் முடிந்ததும், எங்கள் ஆட்களின் வழக்கப்படி, மனைவி வாணியின் வீட்டோடு போய் இருந்துவிட்டேன். மாமி எனக்குத் தேத்தண்ணி தரும்போது கோப்பைக்குக் கீழே சோசர் வைத்துத்தான் தருவார். (மாமாவுக்குச் சோசர் இல்லை. முப்பது வருடமாக இல்லை.) குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தால், "தம்பி, நீங்கள் ஏன் புகைக்குள்ள நிக்கிறியள்? ஃபேனைப் போட்டுட்டு ஆறுதலா இருங்கோ" என்பார். அப்படி ஆறுதலாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் போனில் அந்த வீடியோவைப் பார்த்தேன்.

ஒரு வெள்ளைக்காரப் பெண் பருத்தித் துணியில் தேன்மெழுகைத் துருவித் தூவினாள். கொஞ்சம் மரப்பிசின், கொஞ்சம் எண்ணெய் சேர்த்தாள். மேலே கடதாசி வைத்து அயன் பண்ணினாள். பிறகு அந்தத் துணியில் வெட்டிய பாண் துண்டுகளைச் சுற்றி வைத்தாள். கழுவிக் கழுவி ஒரு வருடம் பாவிக்கலாமாம். எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. மாமா வயலுக்கு லஞ்ச் சீற் என்ற மெல்லிய பொலித்தீன் தாளில்தான் சாப்பாடு சுற்றிக் கொண்டுபோவார். அந்தச் சீற்றெல்லாம் வரம்பில் கிடந்து பறக்கும். இந்த வீட்டையும் வன்னி மண்ணையும் காப்பாற்றப் பிறந்தவன் நான்தான் என்று முடிவு செய்தேன்.

உண்மையில் அந்த வீடு அந்த மாதம் வேறொரு கவலையில் இருந்தது. வாணியின் தங்கை துளசி பட்டம் முடித்து மூன்று வருடமாக வேலைக்காகக் காத்திருந்தாள். கடைசியில் ஆசிரியர் வேலைக்கு யாழ்ப்பாணத்தில் நேர்முகத் தேர்வு என்று கடிதம் வந்திருந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை போகவேண்டும். அதற்கென்றே மாமி வான நீலத்தில் ஒரு பருத்திச் சாறி வாங்கி, அலுமாரியில் சாமிப் படம் மாதிரி வைத்திருந்தார்.

மெழுகு அந்த வாரமே சுலபமாகக் கிடைத்தது. என்னோடு கந்தோரில் வேலை செய்யும் நசீரின் ஊர் முல்லைத்தீவுப் பக்கம். தேன் பிழிந்த வதையை உருக்கி ஒரு பெரிய கட்டியாகவே கொண்டுவந்து தந்தார். துணிக்கு, மாமா இடுப்பில் கட்டும் பழைய சாரமொன்றைக் கொடியிலிருந்து எடுத்து ஆறு துண்டாக வெட்டினேன். (கழுவிய சாரம்தான். நான் அவ்வளவு மோசமில்லை.) மரப்பிசினுக்கு எங்கே போவது? யோசித்தேன். சாம்பிராணியும் மரத்திலிருந்து வடியும் பிசின்தானே! கிளிநொச்சிச் சந்தையில் பூசைச் சாமான் கடையில் அரைக் கிலோ வாங்கினேன். கடைக்காரர், "வீட்டில ஏதும் விசேசமோ?" என்று கேட்டார். "ஓம், பெரிய விசேசம்" என்றேன்.

மெழுகு ஒட்டாத கடதாசி வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். அது வீட்டில் இல்லாததால் பழைய பேப்பரை வைத்து மாமியின் அயனால் அழுத்தினேன். வீடு முழுக்கக் கோயில் வாசம். பேப்பரை உரித்துப் பார்த்தால், அதிலிருந்த மை அப்படியே துணியில் ஏறியிருந்தது. அது மரண அறிவித்தல் பக்கம். ஒரு துண்டில் ஒரு பெரியவரின் முகம்கூடத் தெரிந்தது. கழுவினால் போய்விடும் என்று நினைத்தேன். அயனைத் துடைக்கவேண்டும் என்று நான் நினைக்கவேயில்லை. நான் அறிந்தவரை அயன் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை மாமாவின் ரொட்டியை அவருடைய சாரத்திலேயே சுற்றிக் கொடுத்தேன். பின்னேரம் ஆவலோடு கேட்டேன்.

"எப்பிடி மாமா?"

"நல்லம் தம்பி." கொஞ்சம் யோசித்தார். "துணியில எழுத்து இருக்கு."

"வடிவா இருக்கோ?"

"ஓம். கண்ணாடி போட்டும் வாசிக்கக் கஷ்டமா இருக்கு."

மாமி ஒரு துண்டு ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, "நல்ல வாசம் தம்பி" என்றார். செவ்வாயும் புதனும் அதே பாராட்டுத்தான். வாணி மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமி கண்ணைக் காட்ட, அவளும் அடங்கிவிட்டாள். நான் அடுத்த சாரத்துக்குக் கண் வைத்தேன்.

புதன் பின்னேரம் கரண்ட் இல்லை. அதனால் வியாழன் விடியத்தான் மாமி நீலச் சாறியை அயனால் மினுக்கினார். துளசி உடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அட, சாறி நல்ல பளபளப்பா இருக்கே!" என்றேன்.

எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். அடக்கமான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பரந்தன் சந்திக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. சந்தியில் ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். அப்போதுதான் பார்த்தேன். சாறி முழுவதும் நனைந்து கடும் நீலமாகியிருந்தது. முன்னால் மடித்துச் செருகிய கொய்யகத்தில் மட்டும் இரண்டு இடம் துளியும் நனையவில்லை. சேப்பம் இலையில் உருளுவதுபோல மழைத்துளி உருண்டு விழுந்தது. இரண்டு இடமும் அச்சொட்டாக அயனின் வடிவத்தில் இருந்தன.

"துளசி, இதென்ன?"

"ஒண்டுமில்ல அத்தான்."

"உண்மையைச் சொல்லும்."

"அயனில மெழுகு பிடிச்சிருந்தது. மினுக்கேக்கதான் அம்மா கண்டவா. உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு சொல்லிப்போட்டா."

"ஏன்?"

"நீங்கள் மனவருத்தப்படுவியளாம்."

என் குரல் இறங்கிவிட்டது. "அப்ப அந்த ரொட்டி?"

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மாட்டுக்கு வைச்சது அத்தான். மாடும் தின்னேல்ல. மணந்து பாத்திட்டு அங்கால போய்ப் படுத்திட்டுது."

மூன்று வருடம் காத்திருந்த பிள்ளை. ஒரே ஒரு நல்ல சாறி. அதில் நான் மெழுகு பூசி அனுப்புகிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "வா, வீட்டை போய் வேற சாறி மாத்துவம்" என்றேன். "அடுத்த பஸ்ஸில போனா நேரம் காணாது" என்றாள். பஸ்ஸும் வந்தது. பைலால் கொய்யகத்தை மறைத்துக்கொண்டு ஏறியவள், படியில் திரும்பி, "காய்ஞ்சா ஒண்டும் தெரியாது அத்தான். நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்றாள். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவள் எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனாள். அதை நான் இந்தச் சென்மத்தில் மறக்கமாட்டேன்.

வீட்டுக்குப் போனேன். மாமி தேத்தண்ணியோடு வந்தார், சோசரோடு.

"மாமி, துளசி எல்லாம் சொல்லிப்போட்டாள்."

"அது பரவாயில்ல தம்பி…"

"பரவாயில்லையெண்டு சொல்லாதேங்கோ. ஏசுங்கோ மாமி. காலைப் பிடிச்சுக் கேக்கிறன், ஏசுங்கோ."

மாமி கோப்பையை மேசையில் வைத்தார். ஒரு முறை மூச்சை இழுத்தார்.

"எடேய்! மூண்டு வருசமா அந்தப் பிள்ளை படலையைப் பாத்துக்கொண்டு இருந்தது. உனக்கு என்ர அயன்தான் கிடைச்சதோ? சாம்பிராணியை ஆரடா ரொட்டிக்குப் பூசுறது? மனுசன்ர சாரத்தை வெட்டி மனுசனுக்கே சாப்பாடு கட்டுறியே! அதுவும் செத்த ஆக்களின்ர படத்தோட!"

நான்கு மாதச் சேமிப்பும் ஒரே மூச்சில் வந்தது. முற்றத்திலிருந்து மாமாவின் குரல் மெல்லக் கேட்டது: "அது எனக்கு விருப்பமான சாரம்."

மாமி திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். வாணி கதவுக்குப் பின்னால் நின்று சிரித்த சத்தம் கேட்டது. பிறகு நான் சிரித்தேன், மாமியும் சிரித்தார். ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய் வேறு ஊற்றி வந்து, "இந்தா, குடி" என்று நீட்டினார். கோப்பை மட்டும்தான். சோசர் இல்லை.

பின்னேரம் துளசி வந்தாள். சாறி காய்ந்துவிட்டதாம், யாரும் கவனிக்கவில்லையாம். சாப்பாட்டை மட்டும் மாமி எனக்குப் பயந்து மெழுகுத் துணியில்தான் சுற்றிக் கொடுத்திருந்தார். பை மணத்ததில், கேள்வி கேட்ட அம்மா ஒருவர், "எந்தக் கோயிலுக்குப் போட்டு வாறீர் பிள்ளை?" என்று கேட்டாராம். அடுத்த மாதம் நியமனக் கடிதம் வந்தது. அது அவள் கெட்டித்தனம். என் சாம்பிராணிக்கு அதில் பங்கில்லை. (இருக்கிறது என்று மாமா இன்றைக்கும் சொல்கிறார். அந்தத் துணியொன்றில்தான் வெற்றிலை சுற்றி வைக்கிறார். மூன்று நாளைக்கு வாடாதாம்.)

இப்போதும் மழை இருட்டினால், துளசி பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது, "அத்தான், இந்தச் சாறியை ஒருக்கா மினுக்கித் தாங்கோவன், குடை தேவையில்ல" என்று சத்தம் போடுவாள். வீடே சிரிக்கும். எனக்கு அதில் மெத்தச் சந்தோசம். அன்றைக்கு ஏசியதற்கு நன்றி என்று வாய்விட்டுச் சொன்னால் மாமிக்குக் கோபம் வரும் என்பதால் சிரித்துவிட்டு இருந்துவிடுவேன்.

போன ஆவணியில் துளசிக்குக் கலியாணம் நடந்தது. நேற்று எல்லோரும் கூடியிருந்தபோது மாமி அவளுடைய மாப்பிள்ளைக்கு மெழுகுத் துணிக் கதையை முதலிலிருந்து சொன்னார். அவர் சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அவர் கையில் கோப்பை இருந்தது, கீழே சோசரும் இருந்தது. பாவம், அவரை இன்னும் யாரும் ஏசவில்லை.